எந்த சர்வரில் எது ஓடுகிறது?

2017 மார்ச் 7 அன்று, அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற ஜாவா மென்பொருளில் பெரிய ஓட்டை இருப்பதாக அதை உருவாக்குபவர்களே அறிவித்தார்கள். அடைப்பதற்கான பேட்சையும் கூடவே வெளியிட்டார்கள். மறுநாள் அமெரிக்க அரசின் கணினி அவசரகாலக் குழு எல்லாருக்கும் எச்சரிக்கை அனுப்பியது. 9-ம் தேதி, மக்களின் கடன் வரலாற்றைச் சேர்த்து வைக்கும் ஈக்விஃபேக்ஸ் நிறுவனத்துக்குள் நானூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு மின்னஞ்சல் போனது. ஸ்ட்ரட்ஸ் ஓடும் சர்வர் யாரிடம் இருந்தாலும் 48 மணி நேரத்துக்குள் பேட்ச் போட்டாக வேண்டும் என்றது அது. 15-ம் தேதி நெட்வொர்க்கை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். ஓட்டையுள்ள ஸ்ட்ரட்ஸ் எங்கும் இல்லை என்று ஸ்கேன் சொல்லிவிட்டது.

ஆனால் அது அங்கேதான் இருந்தது. கடன் அறிக்கையில் பிழை கண்டவர்கள் முறையிடும் இணையதளம் ஒன்றை அந்நிறுவனம் நடத்திவந்தது. அதன் வேர் 1970-களில் தொடங்கிய ஒரு பழைய அமைப்பு. ஸ்ட்ரட்ஸ் ஓடியது அந்தச் சர்வரில்தான். மார்ச் 10-ம் தேதியே, அதாவது நிறுவனத்தின் சொந்த ஸ்கேனுக்கு ஐந்து நாள் முன்பே, வெளியாட்கள் அந்த ஓட்டை வழியே ஒரு சின்னக் கட்டளையை அனுப்பிச் சோதித்துப் பார்த்திருந்தார்கள் என்பது பின்னர் தடயங்களில் தெரிந்தது. மே 13-ல் திருட்டு தொடங்கியது. திருடர்கள் 76 நாட்கள் உள்ளேயே இருந்தார்கள். ஒரு கோப்பில் மறைகுறியாக்கம் இல்லாமல் கிடந்த கடவுச்சொற்களை எடுத்துக்கொண்டு, முறையீட்டுத் தளத்துக்குச் சம்பந்தமே இல்லாத 48 தரவுத்தளங்களுக்குள் போனார்கள். ஏறக்குறைய 14.7 கோடி அமெரிக்கர்களின் பெயர், பிறந்த தேதி, சமூகப் பாதுகாப்பு எண் எல்லாம் வெளியே போயின.

அந்நியர்களுக்கு மூன்றே நாளில் கண்ணில் பட்டது, உரிமையாளர் தேடியும் அகப்படவில்லை. இந்தத் தலையங்கம் எழுதக் காரணம் அந்த இடைவெளிதான். இன்று மருத்துவமனை, வங்கி, நகராட்சி, கல்லூரி, மின்வாரியம் என்று எதை எடுத்தாலும் உள்ளே நூற்றுக்கணக்கான புரோகிராம்கள் ஒன்றையொன்று நம்பி ஓடுகின்றன. எந்த சர்வரில் எது ஓடுகிறது, அது யாருடையது, இப்போது நலமாக இருக்கிறதா என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் தெரியாத நிறுவனம், நம்மைப் பற்றிய தகவல்களைக் கையில் வைத்துக்கொண்டு அவை எங்கே கிடக்கின்றன என்றே தெரியாமல் இருக்கிறது.

பழி யார் மேல் விழுந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 2017 அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் நின்ற ஈக்விஃபேக்ஸின் முன்னாள் தலைமைச் செயல் அதிகாரி ரிச்சர்ட் ஸ்மித், பேட்ச் போடச் சொல்லவேண்டிய ஒருவர் சொல்லாமல் விட்டதை முக்கியக் காரணமாகக் காட்டினார். நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் பிறகு தனித்தனியே நடத்திய விசாரணைகளில் வந்த படம் வேறு. ஸ்ட்ரட்ஸ் எங்கே ஓடுகிறது என்று அறிந்திருந்த நிரலாளர் அந்த நானூறு பேர் பட்டியலில் இல்லவே இல்லை. அவருடைய மேலாளர் பட்டியலில் இருந்தார். ஆனால் மின்னஞ்சலை அந்த நிரலாளருக்கு அனுப்பிவைக்கவில்லை. ஸ்கேன் செய்த கருவி மேல் அடுக்குக் கோப்புறையை மட்டும் பார்த்தது. ஸ்ட்ரட்ஸ் கிடந்த உள் கோப்புறைக்குள் அது இறங்கவில்லை. நிறுவனத்திடம் முழுமையான கணினிச் சொத்துப் பட்டியல் இல்லை என்று 2015-லேயே உள்தணிக்கை எழுதி வைத்திருந்தது. சொன்ன குறை சரிசெய்யப்பட்டதா என்று மறுதணிக்கை நடக்கவில்லை.

இத்தனை கைகள் சேர்ந்து நழுவவிட்ட ஒன்றை ஒரே ஊழியர் தலையில் ஏற்றுவது அநியாயம். பயனும் இல்லை. தேவையான அறிவு அந்த நிறுவனத்துக்குள் துண்டு துண்டாகப் பலரிடம் இருந்தது. அதைச் சேர்த்து வைக்கும் இடம்தான் இல்லாமல் போனது. அப்படி ஓர் இடத்தைக் கட்டுவது கணினிப் பிரிவின் வேலை மட்டும் என்று மற்றவர்கள் ஒதுங்கிக்கொண்டால் அது எந்நாளும் கட்டப்படாது.

நெட்வொர்க்கில் எது ஓடுகிறது என்று கண்டறியும் மென்பொருள் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இது இன்னும் விளங்கும். முதலில் அது ஒரு ஐபி முகவரி வரிசையை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு முகவரிக்கும் ‘யாராவது இருக்கிறீர்களா’ என்று ஒரு சிறு செய்தி அனுப்புகிறது. பதில் வந்த இடங்களில் போர்ட் என்னும் எண்ணிட்ட வாசல்களைத் தட்டுகிறது. 22 திறந்திருந்தால் லினக்ஸ் நிர்வாக வாசலாக இருக்கலாம், 443 இணையதளம், 3306 மைஎஸ்க்யூஎல், 1521 ஆரக்கிள் என்று ஊகிக்கிறது. திறந்த போர்ட்டில் பேச்சுக் கொடுத்தால் பல மென்பொருள்கள் தம் பெயரையும் பதிப்பு எண்ணையும் தாமே சொல்லிவிடும். 1997-ல் வெளிவந்த என்மேப் என்ற இலவசக் கருவி இதைத்தான் இன்றும் செய்கிறது. 2013-ல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஜீமேப், நல்ல வேகமுள்ள ஒற்றைக் கணினியிலிருந்து, ஐபிவி4 இணையம் முழுவதிலும் ஒரு குறிப்பிட்ட போர்ட் எங்கெல்லாம் திறந்திருக்கிறது என்பதை 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துவிடக் கூடியது. திருடனுக்கும் இதே கருவிகள் கிடைக்கின்றன. அதனால்தான் அவனுக்கு மூன்று நாளே அதிகம்.

வெளியே நின்று தட்டினால் வாசல் தெரியும், உள்ளே என்ன இருக்கிறது என்பது தெரியாது. அதற்குக் கருவியிடம் ஒரு கணக்கும் கடவுச்சொல்லும் கொடுத்து சர்வருக்குள் அனுப்ப வேண்டும், அல்லது ஒவ்வொரு கணினியிலும் ஏஜென்ட் என்னும் சிறு புரோகிராமை நிறுவ வேண்டும். உள்ளே போனதும் அது ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்கள், நிறுவப்பட்ட தொகுப்புகள், அவற்றின் பதிப்புகள், எந்த புரோகிராம் எந்தக் கணினியோடு பேசிக்கொண்டிருக்கிறது என்ற இணைப்புகள் எல்லாவற்றையும் எழுதிக்கொள்கிறது. இணைப்புகளைக் கோத்தால் வரைபடம் வந்துவிடும். பொதுமக்கள் பார்க்கும் இணையதளத்துக்குப் பின்னால் எந்தப் பயன்பாட்டு சர்வர், அதற்குப் பின்னால் எந்தத் தரவுத்தளம், அந்தத் தரவுத்தளம் நின்றால் வேறு எது எதெல்லாம் சேர்ந்து நிற்கும் என்று அதில் பார்க்கலாம். வாரம் ஒருமுறை ஓடும் ஸ்கேன் இன்றைக்குப் போதாது. காலையில் உருவாகி மதியம் மறைந்துவிடும், கன்டெய்னர் என்னும் தற்காலிக புரோகிராம் கூடுகளை அது பார்க்கவே பார்க்காது.

நம் ஊர்க் கிராமக் கணக்கில் சிட்டாவும் உண்டு, அடங்கலும் உண்டு. நிலம் யார் பெயரில் என்பது சிட்டாவில் இருக்கும். அதில் இப்போது என்ன விளைகிறது என்பதைக் கிராம நிர்வாக அலுவலர் வயலுக்குப் போய்ப் பார்த்து அடங்கலில் எழுத வேண்டும். பெரும்பாலான அலுவலகங்களில் கணினிக்குச் சிட்டா இருக்கிறது, அதாவது வாங்கிய பில்லும் இருப்புப் பதிவேடும். அடங்கல் எழுதுவோர்தான் இல்லை.

கருவியே எல்லாவற்றையும் எழுதிவிடும் என்று விற்க வருபவர்கள் சொல்வார்கள். முழுதாக நம்ப வேண்டாம். எந்த முகவரி வரிசையைக் கொடுத்தோமோ அதை மட்டுமே அது தேடும். பத்து வருடம் முன்பு யாரோ போட்டுவிட்டு மறந்த சப்நெட், அதாவது நெட்வொர்க்கின் கிளை, அதன் கணக்கில் வராது. கடவுச்சொல் மாறிய சர்வரில் ‘உள்நுழைய முடியவில்லை’ என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடும். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் அந்த வரிகளை யாரும் படிப்பதில்லை. இன்னொன்றும் உண்டு. 8080 போர்ட்டில் ஒரு ஜாவா புரோகிராம் ஓடுகிறது என்பது வரைக்கும்தான் மென்பொருளுக்குத் தெரியும். அது சம்பளப் பட்டியல் போடுகிறதா, எப்போதோ யாரோ சோதனைக்காக ஓட்டிவிட்டு நிறுத்த மறந்ததா என்பதை அங்கே வேலை செய்யும் மனிதர்தான் சொல்ல முடியும். கணக்குப் பிரிவு, ஆய்வகம், நூலகம், சேர்க்கைப் பிரிவு ஆகியவை வாய் திறக்காமல் இந்தப் பட்டியல் முழுமை பெறாது.

2021 டிசம்பரில் உலகமே இதை ஒரே வாரத்தில் உணர்ந்தது. லாக்4ஜே என்பது புரோகிராம்கள் தம் நடப்புகளை எழுதிவைக்க உதவும் சின்னஞ்சிறு ஜாவா நூலகம். அப்பாச்சி அறக்கட்டளையின் கீழ் விரல்விட்டு எண்ணக்கூடிய தன்னார்வலர்கள் சேர்ந்து அதைப் பராமரித்துவந்தார்கள். அலிபாபாவின் பாதுகாப்புக் குழு கண்டுபிடித்துச் சொன்ன ஓட்டைக்குத் தீவிரம் பத்துக்குப் பத்து என்று மதிப்பெண் போட்டார்கள். பேட்ச் உடனே வந்தது. அதைப் போடுவதைவிட, எங்கே போடுவது என்று தேடுவதுதான் பெரும்பாடாக இருந்தது. ஜாவா தொகுப்புகளின் பொதுக் களஞ்சியத்தை ஆராய்ந்த கூகுள் குழு, 35,000-க்கும் மேற்பட்ட தொகுப்புகளில், அதாவது களஞ்சியத்தில் சுமார் 8 சதவீதத்தில், இந்த ஓட்டையின் பாதிப்பு இருப்பதாகச் சொன்னது. அவற்றில் பெரும்பாலானவை லாக்4ஜேவை நேரடியாக எடுத்தவையும் அல்ல. அவை எடுத்த ஒன்று எடுத்த இன்னொன்றின் வயிற்றுக்குள் அது கிடந்தது. அமெரிக்க அரசுத் துறை ஒன்று இதற்காக மட்டும் 33,000 மணி நேர உழைப்பைச் செலவிட்டதாக அந்நாட்டு இணையப் பாதுகாப்பு ஆய்வு வாரியம் 2022 ஜூலையில் பதிவு செய்தது. இந்த ஓட்டை இன்னும் பத்தாண்டோ அதற்கு மேலோ எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும் என்றும் அந்த வாரியம் எச்சரித்தது.

அந்த நாட்களில் நெதர்லாந்தின் தேசிய இணையப் பாதுகாப்பு மையம் செய்த காரியம் எங்கள் மனதுக்கு நெருக்கமானது. எந்த நிறுவனத்தின் எந்த மென்பொருளில் லாக்4ஜே இருக்கிறது, எது பாதிக்கப்பட்டது, எதற்குத் திருத்தம் வந்துவிட்டது என்ற பட்டியலை அது திறந்த வெளியில் வைத்தது. உலகின் பல பக்கங்களிலிருந்தும் ஆட்கள் தெரிந்ததைச் சேர்த்தார்கள், தவறைத் திருத்தினார்கள். எந்த ஒரு நிறுவனமும் தனியாக அந்தப் பட்டியலை எழுதியிருக்க முடியாது. கூட்டுப் பொறுப்பு என்று நாம் சொல்வது இப்படிப்பட்ட வேலையைத்தான்.

பட்டியல் போட்டால் மட்டும் போதாது, பட்டியலில் உள்ளவை எப்படி இருக்கின்றன என்று தொடர்ந்து பார்க்கவும் வேண்டும். ஈக்விஃபேக்ஸில் அதற்கும் கருவி இருந்தது. உள்ளே போகும், வெளியே வரும் மறைகுறியாக்கப்பட்ட போக்குவரத்தைப் பிரித்துப் பார்க்கும் சாதனம் அது. பிரித்துப் பார்க்க ஒரு டிஜிட்டல் சான்றிதழ் வேண்டும். முறையீட்டுத் தளத்தைக் கவனித்த சாதனத்தின் சான்றிதழ் காலாவதியாகி 19 மாதம் ஆகியிருந்ததாகக் கீழவைக் குழுவின் அறிக்கை கூறுகிறது. அந்த நிறுவனத்தில் காலாவதியான சான்றிதழ்கள் 300-க்கும் மேல். அவற்றில் 79, முக்கியத் தளங்களைக் கண்காணிப்பதற்கானவை. 2017 ஜூலை 29-ம் தேதி புதுச் சான்றிதழைப் போட்ட உடனேயே சந்தேகமான போக்குவரத்து கண்ணில் பட்டது. மறுநாள் தளத்தை மூடினார்கள்.

அத்தனை மாதமும் அந்தச் சாதனம் பழுது எதையும் சொல்லவில்லை. சொல்லாததை நலம் என்று எடுத்துக்கொண்டார்கள். கண்காணிப்பில் இதைவிட ஆபத்தான பழக்கம் இல்லை. ஒரு சர்வரிலிருந்து தகவல் வருவது நின்றால், அப்படி நிற்பதே முதல் அலாரமாக ஒலிக்க வேண்டும். கண்காணிக்கும் கருவியையும் வேறொன்று கண்காணிக்க வேண்டும். நேர்மாறான கேடும் நடக்கிறது. நள்ளிரவில் ஐம்பது குறுஞ்செய்தி வந்தால் பணியில் இருப்பவர் போனை மௌனமாக்கிவிடுவார். அவரைக் கடிந்து பயனில்லை. எந்த அளவைத் தாண்டினால் தன்னை எழுப்ப வேண்டும் என்று தீர்மானிப்பதில், எழுந்து ஓடவேண்டிய அந்த மனிதருக்கும் பங்கு கொடுத்தால் அலாரத்துக்கு மரியாதை திரும்பும்.

இந்தக் கருவிகளைப் பற்றி ஊழியர்களுக்கும் நிர்வாகிகளுக்கும் இருக்கும் அச்சம் வீணானதல்ல. சோலார்விண்ட்ஸ் நிறுவனத்தின் ஓரியன், நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் மென்பொருள். அதன் அப்டேட்டுக்குள்ளேயே உளவாளிகள் நஞ்சு கலந்தது 2020 டிசம்பரில் வெளிச்சத்துக்கு வந்தது. சுமார் 18,000 வாடிக்கையாளர்கள் அந்த அப்டேட்டைப் பெற்றிருந்தார்கள். அமெரிக்காவின் ஒன்பது மத்திய அரசு அமைப்புகளுக்குள் ஊடுருவல் நடந்தது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு ஏஜென்டுக்குப் போன ஒரு பிழையான கோப்பு, மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகளைச் செயலிழக்கச் செய்தது. உலகெங்கும் விமான நிலையங்கள் ஸ்தம்பித்தன. எல்லா சர்வருக்கும் சாவி வைத்திருக்கும் மென்பொருள்தான் திருடனுக்கு முதல் இலக்கு, தவறு நடந்தால் முதல் விபத்தும் அதுவே. ஆகவே கண்டறியும் கருவிக்குப் படிக்கும் உரிமை மட்டும் உள்ள கணக்கு போதும், மாற்றும் உரிமை தேவையில்லை. அப்டேட்டை எல்லாக் கணினிக்கும் ஒரே நாளில் தள்ளாமல், முதலில் சிலவற்றில் போட்டுப் பார்த்துவிட்டுப் பரப்ப வேண்டும்.

ஊழியரின் அச்சம் வேறு மாதிரி. மேசைக் கணினியில் உட்காரும் ஏஜென்ட், நிறுவிய மென்பொருள்களைக் கணக்கெடுப்பதோடு நிற்குமா, எத்தனை மணிக்கு எழுந்து போனேன், எந்தத் தளம் பார்த்தேன் என்றும் எழுதுமா? எழுத வைக்க முடியும் என்பது உண்மை. எனவே நிர்வாகம் முந்திக்கொண்டு பேச வேண்டும். எதைச் சேகரிக்கிறோம், எதைச் சேகரிக்க மாட்டோம், எத்தனை நாள் வைத்திருப்போம், யார் பார்ப்பார்கள் என்று தமிழில் ஒரு பக்கம் எழுதி, ஊழியர் சங்கத்திடம் கொடுத்து ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும். வருகைப் பதிவுக்கோ ஒழுங்கு நடவடிக்கைக்கோ இந்தத் தகவலைத் தொட மாட்டோம் என்ற வாக்குறுதியும் அதில் இருக்க வேண்டும். அந்த நம்பிக்கை இல்லாத இடத்தில் ஆட்கள் தங்களுக்கு வேண்டிய புரோகிராமைச் சொல்லாமல் போட்டுக்கொள்வார்கள், அலமாரிக்குப் பின்னால் சொந்த ரௌட்டரைச் செருகி வைப்பார்கள். அதைக் கண்டுபிடிக்க இன்னொரு கருவி வாங்குவதில் முடிவே இல்லை.

இதெல்லாம் அமெரிக்கக் கதை என்று தள்ளிவிட முடியாது. 2019-ல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாக நெட்வொர்க்கில் இருந்த ஒரு கணினியில் தீம்பொருள் இருந்ததை இந்திய அணுமின் கழகம் அக்டோபர் 30 அன்று ஒப்புக்கொண்டது. உலையை இயக்கும் அமைப்பு அதிலிருந்து தனியே பிரிக்கப்பட்டிருந்ததால் பாதிப்பு அங்கே போகவில்லை என்றும் விளக்கியது. எது எதோடு இணைந்திருக்கிறது என்று தெரிந்து பிரித்து வைத்ததன் பலன் அது. பிரித்து வைக்காததன் பலனை 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் அனுபவித்தது. சர்வர்கள் பூட்டப்பட்டன. புறநோயாளிச் சீட்டு முதல் பரிசோதனை முடிவு வரை பல நாட்கள் கையால் எழுதினார்கள். ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டன, சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது, நெட்வொர்க் சரியாகப் பிரிக்கப்படாததே காரணம் என்று அரசு நாடாளுமன்றத்தில் பதில் சொன்னது. வரிசையில் நின்ற நோயாளிக்கு இந்தச் சொற்கள் எதுவும் தெரியாது. துன்பத்தைச் சுமந்தது அவர்தான்.

அதே 2022-ல், ஏப்ரல் 28 அன்று, இந்திய அரசின் கணினி அவசரகாலக் குழுவான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவுப்படி இணையத் தாக்குதலைத் தெரிந்துகொண்ட ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், லாக் பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும், எல்லா சர்வர்களின் கடிகாரமும் ஒரே நேரம் காட்ட வேண்டும். நல்ல உத்தரவு. ஆனால் தன் நெட்வொர்க்கில் எத்தனை சர்வர் இருக்கிறது என்றே தெரியாத நிறுவனம், ஆறு மணி நேரத்தில் எதை எழுதி அனுப்பும்? பட்டியல் முதலில் இருந்தால்தான் உத்தரவுக்கு உயிர் வரும்.

ஆகவே ஒவ்வொருவரும் தம் பங்கை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கிறோம். மென்பொருள் விற்பவர், உள்ளே இருக்கும் உறுப்புகளின் பட்டியலையும் சேர்த்துத் தர வேண்டும். அதற்கான தொழில்நுட்ப வழிகாட்டியை செர்ட்-இன் 2024-ல் வெளியிட்டுவிட்டது, டெண்டரில் அதை நிபந்தனையாக எழுதுவது வாங்குபவரின் கடமை. துறைத் தலைவர்கள், தம் பிரிவில் ஓடும் ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் ஒரு பெயரை எழுதித் தர வேண்டும். அந்தப் பெயருக்கு உரியவர் மாற்றலாகிப் போகும்போது, அலமாரிச் சாவியோடு அதையும் பொறுப்பு ஒப்படைப்புப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். சிறிய கூட்டுறவு வங்கியும் பேரூராட்சியும் இதற்கென்று ஆள் வைக்க முடியாது என்பது நியாயம். ஸாபிக்ஸ், நாகியோஸ், ஓசிஎஸ் இன்வென்டரி போன்ற இலவசக் கருவிகள் உண்டு. குறை, அவற்றை நிறுவிப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததுதான். மாவட்டத்துக்கு ஒரு குழுவை அமர்த்தி, சிறு நிறுவனங்களுக்கெல்லாம் சேர்த்துப் பார்க்கும் ஏற்பாட்டை தமிழக அரசின் எல்காட்டும் மின்னாளுமை முகமையும் முன்னெடுக்கலாம். நெட்வொர்க் மேலாண்மை மென்பொருள் எழுதியே வளர்ந்த ஸோகோ போன்ற நிறுவனம் இருக்கும் மண்ணில் இதற்கான திறமைக்குக் குறைவில்லை. ஆர்வமுள்ள மாணவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம், எழுத்துபூர்வமான அனுமதியோடு மட்டும். அனுமதியில்லாமல் அடுத்தவர் கணினிக்குள் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி குற்றம்.

தொடங்கும் விதத்தில் ஒரு யோசனையும் சொல்ல விரும்புகிறோம். கணக்கெடுப்பு தொடங்கும் நாளில், பதிவேட்டில் இல்லாத சர்வரோ அனுமதி பெறாத புரோகிராமோ தம்மிடம் இருப்பதாக மூன்று மாதத்துக்குள் தாமாக முன்வந்து சொல்பவர் மீது விளக்கம் கேட்டு மெமோ வராது, நடவடிக்கை இராது என்று நிறுவனத் தலைவர் தம் கையெழுத்திலேயே சுற்றறிக்கை விட வேண்டும். சொன்ன புரோகிராம் உண்மையிலேயே தேவைப்பட்டால், அதைப் பிடுங்காமல் முறைப்படுத்தித் தர வேண்டும். எந்த ஸ்கேனும் எடுத்துத் தராத முதல் நூறு வரிகள் அந்த மூன்று மாதத்தில் பட்டியலுக்கு வந்து சேரும்.